ஆய்வுக்காகக் கடல் கடந்த மூவர்



‘மேற்படிப்புக்கு வெளிநாடு’ என்று சொன்னவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவது பட்டமளிப்பு அங்கியும், கூடத்துச் சுவரில் மாட்டப்படும் புகைப்படமும்தான். அதில் தவறொன்றும் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த தலைமுறை தம் பிள்ளைகளுக்காகக் கண்ட கனவு அது. ஆனால், அதனைத் தாண்டி இன்னொரு வகைப் பயணம் இருப்பதைப் பலர் அறிவதில்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சொந்தமாக ஆராயத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவரை, ‘ஓரிரண்டு ஆண்டுகள் அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து உன் கேள்விக்கு விடை தேடி வா’ என்று செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பும் ஏற்பாடுதான் அது.

இப்பயணத்தில் வகுப்பு அட்டவணை கிடையாது. பலவேளைகளில் இறுதித் தேர்வும் கிடையாது. செல்பவர் கையில் எடுத்துச் செல்வது ஒரு கேள்வி. அங்கே அவருக்குக் கிடைப்பது அக்கேள்வியை மதிக்கும் ஒரு மூத்த அறிஞரும், கருவிகளும், நூலகமும், கவலையின்றிச் சிந்திக்கச் சிறிது காலமும் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்புகள் சிலவற்றின் பின்னால் இத்தகைய உபகாரச் சம்பளம் ஒன்று அமைதியாக நின்றிருக்கிறது.

இக்கட்டுரையில் மூவருடைய வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். ஒருவர் நியூசிலாந்துக்காரர், ஒருவர் நம் பினாங்கு மண்ணில் பிறந்தவர், ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்தவர். மூவருமே பிரிட்டிஷ் பேரரசின் விளிம்பிலிருந்து அதன் மையத்திற்குச் சென்றவர்கள். மூவரின் கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஓர் இளம் ஆய்வாளரை அயல்நாட்டுக்கு அனுப்புகின்ற சமூகத்திற்கு மூன்று கடமைகள் உண்டு. அனுப்பிவைப்பது முதற்கடமை. சென்ற இடத்தில் அவர் நலமாக வாழ வழிசெய்வது இரண்டாவது. திரும்பி வரும்போது அமர்வதற்கு ஒரு நாற்காலி வைத்திருப்பது மூன்றாவது. முதற்கடமையைக் கொண்டாடும் அளவுக்கு மற்ற இரண்டையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்காட்சியில் மிஞ்சிய பணம்

1851-ஆம் ஆண்டு இலண்டன் ஹைடு பூங்காவில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பப்பட்ட மாபெரும் மண்டபத்தில் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. மே மாதம் தொடங்கி அக்டோபரில் நிறைவுற்ற அக்கண்காட்சியை அறுபது இலட்சம் பேருக்கு மேல் கண்டதாகக் கணக்கு. நுழைவுக் கட்டணத்தால் செலவு போக ஏறத்தாழ 1,86,000 பவுண்டு மிஞ்சியது. கண்காட்சியை நடத்திய அரச ஆணையம் அப்பணத்தைப் பங்கிட்டுக் கொள்ளாமல் இலண்டனின் தென் கென்சிங்டன் பகுதியில் நிலம் வாங்கியது. இன்று அங்கே நிற்கும் அருங்காட்சியகங்களும் இம்பீரியல் கல்லூரியும் அந்நிலத்தில் எழுந்தவையே.

நிலத்திலிருந்து வருமானம் பெருகியது. 1891-ஆம் ஆண்டு அவ்வாணையம் அறிவியல் ஆய்வுக்கான உபகாரச் சம்பளத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 150 பவுண்டு. காலம் இரண்டு ஆண்டுகள். தகுதியுடையோருக்கு மூன்றாம் ஆண்டும் நீட்டிக்கப்படும். பிரிட்டனில் உள்ளவர்களுக்கு மட்டுமன்றிக் கடல்கடந்த குடியேற்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

இவ்வேற்பாட்டில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, வெறும் தேர்வு மதிப்பெண் போதாது. சொந்தமாக ஆராயும் ஆற்றலுக்குச் சான்று வேண்டும். இரண்டாவது, பயின்ற இடத்திலேயே தங்கிவிடாமல் வேறிடம் சென்று ஆராய வேண்டும். மான்செஸ்டரில் பயின்ற ஜேம்ஸ் சாட்விக் 1913-இல் இவ்வுபகாரச் சம்பளம் பெற்றபோது இந்த விதியின் காரணமாகவே பெர்லினுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு போர் மூண்டது. எதிரி நாட்டுக் குடிமகன் என்பதால் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில் அமைந்த தடுப்பு முகாமில் போர் முடியும்வரை அடைபட்டுக் கிடந்தார். குதிரை இலாயத்தில் தங்கியவாறு, கடைகளில் விற்ற கதிரியக்கப் பற்பசையைக்கூடப் பயன்படுத்தி அங்கேயே சோதனைகள் செய்தார். பின்னாளில், 1932-இல், நியூட்ரானைக் கண்டறிந்து 1935-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர் அவரே.

‘வேறிடம் செல்’ என்ற விதி ஏன்? ஓர் ஆசிரியரிடமே நெடுங்காலம் இருக்கும் மாணவர் அவருடைய கண்ணாலேயே உலகத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறார். வேறோர் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றால், தாம் இதுவரை கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டவற்றை அங்குள்ளோர் கேள்விக்கு உட்படுத்துவதைக் காண்பார். நூலில் எழுதப்படாத கைப்பழக்கங்கள் பல உண்டு. கருவியை எப்படிப் பொருத்துவது, எந்த அளவீட்டை நம்பலாம், எதை ஐயுற வேண்டும் என்பனவற்றை அருகிலிருந்து பார்த்துத்தான் கற்க இயலும். நம் முன்னோர் சொன்ன குருகுல வாசத்தின் பயனும் இதுதானே!

ஆசிரியர் வேலை கிடைக்காத இளைஞர்

நியூசிலாந்தின் நெல்சன் வட்டாரத்தில் 1871-இல் பிறந்தவர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு. பன்னிரண்டு பிள்ளைகளுள் நான்காமவர். தாயார் மணமாகும் முன் பள்ளி ஆசிரியை. கிறைஸ்ட்சர்ச் நகரில் இருந்த காண்டர்பரி கல்லூரியில் பயின்ற ரதர்ஃபோர்டு, அங்கேயே ஒரு நிலவறையில், மிகவிரைவான மின்னலைவுகள் இரும்பைக் காந்தமாக்கும் விதத்தை ஆராய்ந்தார். நிலையான பள்ளி ஆசிரியர் பணிக்கு முயன்றார், கிட்டவில்லை.

1894-இல் கண்காட்சி உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பித்தார். நியூசிலாந்துக்கு ஒரே ஓர் இடம். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் அல்லர்; ஆக்லாந்தைச் சேர்ந்த மக்லாரின் என்ற வேதியியலாளர். அவரால் அதை ஏற்க இயலாத நிலை ஏற்பட்டதால் இரண்டாமவராகிய ரதர்ஃபோர்டுக்கு அந்த இடம் வந்தது. செய்தி வந்தபோது அவர் வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், கப்பற் செலவுக்கு அவர் கடன் வாங்க நேர்ந்தது. உபகாரச் சம்பளம் கிடைத்த பின்னும் கடன்! நம் குடும்பங்கள் பலவும் அறிந்த நிலைமைதான் இது.

1895-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றடைந்தபோது நற்பேறாக ஒரு கதவு திறந்திருந்தது. பிற பல்கலைக்கழகப் பட்டதாரிகளை ஆய்வு மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேம்பிரிட்ஜ் அவ்வாண்டுதான் விதியை மாற்றியிருந்தது. அப்புதிய விதியின்கீழ் முதன்முதலாகச் சேர்ந்தவர்களுள் ரதர்ஃபோர்டும் ஒருவர். கவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜே.ஜே. தாம்சனிடம் பணியாற்றினார். 1898-இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1908-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு. 1911-இல் அணுவின் நடுவே அணுக்கரு உண்டு என்ற விளக்கம்.

அணுக்கருவைப் பாடநூலில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு நான் ஒன்று நினைவூட்ட விரும்புகிறேன். இவ்வறிஞரை உலகுக்கு அளித்த உபகாரச் சம்பளத்தில் அவர் இரண்டாம் இடத்தில் இருந்தவர். நம் மாணவர்களுள் இரண்டாம் இடத்தில் நிற்கும் பிள்ளையின் கோப்பை மூடிவிடக் கூடாது.

ரதர்ஃபோர்டு பணியாற்றுவதற்காகத் தாயகம் திரும்பவில்லை. அவர் தேடிய கருவிகளும் துறையும் அன்றைய நியூசிலாந்தில் இல்லை. பேரரசின் வேறொரு மூலையில் அவருக்கு நாற்காலி ஒன்று காத்திருந்தது. எல்லாருக்கும் அப்படிக் காத்திருக்கவில்லை என்பதை அடுத்தவர் கதை காட்டும்.

பினாங்குப் பொற்கொல்லரின் மகன்

1885-ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற நாடுகளில், அதாவது சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகியவற்றில், அரசியார் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தப்பட்டது. இதற்கு மூலகாரணராக இருந்தவர் சர் செசில் கிளெமெண்டி ஸ்மித். இங்குள்ள பள்ளிகளில் பயின்ற சிறந்த மாணவர்களைப் பிரிட்டனுக்குப் பட்டப்படிப்புக்கு அனுப்புவதே இதன் நோக்கம். 1887-இல் இதனைப் பெற்ற லிம் பூன் கெங் எடின்பரோவில் மருத்துவம் பயின்று திரும்பிச் சிங்கப்பூரின் சமூகச் சீர்திருத்தத்தில் பெயர் பெற்றார்.

1896-இல் இவ்வுபகாரச் சம்பளத்தை வென்றவர் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் மாணவர் வூ லியென் தே. சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர் ஒருவரின் மகன். 1879-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீன வம்சாவளியினர் அவரே. இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி பெற்று மருத்துவரானார்.

இதுவரை அவர் செய்தது படிப்பு. இதற்குப் பிறகு தொடங்கியதுதான் நாம் பேசும் ஆய்வுப் பயணம். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை மெய்ப்பித்த ரொனால்டு ராஸிடம் பயின்றார். ஜெர்மனியின் ஹாலே நகரில் நுண்ணுயிரியல் கற்றார். பாரிஸ் மாநகரின் பாஸ்டர் கழகத்தில் மெட்ச்னிகாஃபிடம் பணியாற்றினார். மூன்று நாடுகள், மூன்று ஆய்வுக்கூடங்கள். அக்காலத்தில் தொற்றுநோய் அறிவியல் எங்கெங்கு உருவாகிக்கொண்டிருந்ததோ அங்கெல்லாம் நின்று பார்த்துவிட்டார் அந்த இருபத்து நான்கு வயது இளைஞர்.

1903-இல் அவர் திரும்பினார். இத்தனை தகுதியுடன் வந்தவருக்கு இங்கே என்ன கிடைத்தது? பிரிட்டிஷ் ஆட்சியின் மருத்துவத் துறை இரண்டு அடுக்குகளாக இருந்தது. முழுத் தகுதியுடைய மருத்துவ அதிகாரி, சிறப்பு மருத்துவர் ஆகிய மேலடுக்குப் பதவிகள் பிரிட்டிஷாருக்கே உரியவை. இம்மண்ணில் பிறந்தவர் எத்தனை ஆய்வுக்கூடங்களில் பயின்று வந்தாலும் கீழடுக்கில்தான் நிற்க வேண்டும். அரசியார் பெயரால் செலவு செய்து படிக்கவைத்த அதே ஆட்சி, படித்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தியது.

கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் அவர் ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார். அக்காலத்தில் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோரைக் கால் மரத்து, உடல் வீங்கிச் சாகவைத்த நோய் அது. அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. இந்த இடத்தில் நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெருகிய இந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாகத் தாக்கவில்லை என்பதைக் கவனித்து 1907-இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு தொடங்கி, கோலாலம்பூர்க் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தொழிலாளர்களிடையே முறையான சோதனை நடத்தி, அரிசியைத் தீட்டும்போது நீங்கும் ஒன்றே நோயைத் தடுப்பது என்று காட்டினர். நம் பாட்டிமார் அவித்து, உலர்த்தி, உலக்கையால் குத்திய புழுங்கலரிசி அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றது இப்படித்தான்.

ஆனால் அந்நேரத்தில் வூ லியென் தே அக்கழகத்தில் இல்லை. அவருக்கு அங்கே நிலையான இடம் இல்லாமற் போகவே, பினாங்கு சூலியா தெருவில் தனியார் மருத்துவம் பார்க்கத் தொடங்கியிருந்தார். அபினுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். அபின் வணிகத்தால் வருமானம் பெற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டு, அங்கிருந்த ஒரு மருந்தின் பொருட்டு அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1908-இல் சீனாவுக்குச் சென்று தியான்ஜின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பொறுப்பேற்றார்.

1910-ஆம் ஆண்டு டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் ஒரு கொள்ளைநோய் பரவியது. நோயுற்றவர் ஒரு சில நாள்களில் மடிந்தனர். அங்கு அனுப்பப்பட்ட வூ லியென் தே, இறந்த பெண்மணி ஒருவரின் உடலைக் கூறாய்ந்து, நுண்ணோக்கியில் பிளேக் கிருமியைக் கண்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும் வழியாக மட்டுமன்றி, மனிதரின் மூச்சிலிருந்தே இது தொற்றுகிறது என்று அறிவித்தார். பருத்தியும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அணியச் செய்தார். அதை ஏளனம் செய்து அணியாமல் நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாள்களில் அதே நோயால் இறந்தார். இரயில் பெட்டிகள் தனிமைப்படுத்தும் இடங்களாயின. உறைந்த நிலத்தில் புதைக்க இயலாமல் கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களைப் பேரரசின் அனுமதி பெற்று எரியூட்டினார். ஏறத்தாழ 60,000 உயிர்களைப் பலிகொண்ட அந்நோய் சில மாதங்களில் அடங்கியது. 1911 ஏப்ரலில் முக்டன் நகரில் கூடிய அனைத்துலகப் பிளேக் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அந்தப் பினாங்குக்காரரே.

2020-இல் நம் பள்ளி வாசலில் மாணவர்கள் முகக்கவசத்துடன் வரிசையில் நின்ற நாள்களில், இக்கதையை எத்தனை வகுப்பறைகளில் சொன்னோம்?

1937-இல் அவர் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் மருத்துவராகப் பணிபுரிந்தார். ஊர் ஊராக நன்கொடை திரட்டிப் பேராக் நூலகம் உருவாகக் காரணமாக இருந்தார். அதுவே இன்றைய துன் ரசாக் நூலகம். 1960-இல் பினாங்கில் காலமானார். அவருடைய ஆய்வுக் காலத்தின் பெரும்பயனைப் பெற்றது சீனா. இந்நாடு பெறாமற் போனதற்கு அவர் காரணரல்லர்.

துறைமுக அலுவலக எழுத்தர்

மூன்றாமவரை நம் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அவரைத் தெய்வ அருள் பெற்ற கணிதமேதையாக மட்டுமே அறிமுகப்படுத்துகிறோம். அவரை அனுப்பிவைத்த ஏற்பாட்டைச் சொல்வதில்லை.

சீனிவாச இராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். கல்லூரித் தேர்வில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் பட்டம் இல்லை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு மடல் எழுதினார். ஹார்டியின் மறுமொழி வந்தது. வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரை எழுதினார். பட்டமில்லாதவருக்கு ஆய்வு உதவித்தொகை தர விதியில் இடமுண்டா என்ற வினா எழுந்தது. ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று அதன் சட்டத்தின் முகவுரையே கூறுவதை எடுத்துக்காட்டி இராமானுஜனுக்கு வழி திறந்தனர். 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் கிடைத்தது. விதியைக் காட்டிக் கதவை அடைப்போர் எங்கும் உளர். விதியின் நோக்கத்தைக் காட்டித் திறப்போர் சிலரே. அச்சிலர் அன்று சென்னையில் இருந்தனர்.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில் சென்னைக்கு வந்து, இராமானுஜனின் குறிப்பேடுகளைக் கண்டு வியந்து, அவரை அனுப்பிவைக்குமாறு பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டும் கப்பற்செலவும் வழங்க இசைந்தது. முதலில் இரண்டு ஆண்டுகள், பின்னர் நீட்டிக்கப்பட்டது. அதில் 50 பவுண்டு தாயகத்தில் இருந்த குடும்பத்திற்குச் சென்றது. இந்த ஒரு வரியை நான் பெரிதும் மதிக்கிறேன். செல்பவருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அங்கே உலை வைக்க வேண்டும் என்பதைக் கணக்கில் கொண்ட ஏற்பாடு அது.

மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பல் புறப்பட்டது. ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. ஐந்தாண்டுகளில் ஹார்டியுடன் இணைந்தும் தனித்தும் அவர் வெளியிட்ட ஆய்வுகள் கணித உலகை மாற்றின. 1916-இல் ஆய்வின் அடிப்படையில் பட்டம். 1918-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் என்ற மதிப்பு.

ஆயினும், இரண்டாம் கடமையில்தான் அப்பயணம் தோற்றது. புலால் உண்ணாதவர், தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் அவருக்கேற்ற உணவுப் பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் சேர்ந்தன. 1917 முதல் மருத்துவமனைகளிலும் நலவிடுதிகளிலுமே நாள்கள் கழிந்தன. அவருடைய எண்களைக் காக்க அறிஞர் இருந்தனர். உடலைக் காக்க ஓர் ஏற்பாடு இல்லை.

மூன்றாம் கடமையைச் சென்னை மறக்கவில்லை. அவர் திரும்பியதும் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுண்டு தருவதென முடிவு செய்திருந்தது. அதற்கு நன்றி தெரிவித்து 1919 ஜனவரியில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு இராமானுஜன் எழுதிய மடல் ஒவ்வோர் ஆசிரியரும் அறிய வேண்டியது. இத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்கள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல் வாங்கவும் பயன்படுத்துமாறும் அவர் கேட்டுக்கொண்டார். நாற்காலி ஆயத்தமாக இருந்தது. அமர வேண்டியவர் 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டு வயதில், மறைந்தார்.

பிற்காலம் கற்ற பாடம்

இவ்வரலாறுகள் வீண்போகவில்லை. பின்னர் வந்த ஏற்பாடுகளில் இம்மூன்று கடமைகளின் தடங்களைக் காணலாம். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறநிறுவனம் 1860-இல் தோன்றியது. 1923-இன் கடும் பணவீக்கத்தில் மூலதனத்தை இழந்து, 1925-இல் மீண்டெழுந்து, 1945-இல் மறுபடியும் நின்று, 1953-இல் புத்துயிர் பெற்றது. அது நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்று இடம் ஒதுக்குவதில்லை. ஆய்வாளரின் தகுதியையே பார்க்கிறது. குடும்பத்துடன் வருவோருக்கும் மொழி கற்போருக்கும் உதவுகிறது. ஒருமுறை அதன் உதவி பெற்றவர் தாயகம் திரும்பிய பின்னும் வாழ்நாள் முழுவதும் அதன் உறவினர். மீண்டும் சென்று ஆராயவும் வாய்ப்புண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி பெயரிலான திட்டத்தில் ‘வேறிடம் செல்’ என்ற பழைய விதி இன்றும் வாழ்கிறது. செல்லவிருக்கும் நாட்டில் அண்மைய மூன்று ஆண்டுகளுள் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அதுவும் குடும்பப் படி தருகிறது. 1959-இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டில் வடிவம் பெற்ற காமன்வெல்த் உபகாரச் சம்பளமோ, பெற்ற கல்வி தாயகத்திற்குப் பயன்பட வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது.

நாம் செய்யக்கூடியது என்ன?

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இவற்றோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். எனக்குத் தோன்றுவனவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சான்றுக் கடிதம். இராமானுஜனுக்கு வாக்கரும் நெவிலும் எழுதியது ‘நல்லொழுக்கமுள்ள மாணவர்’ என்ற வாய்பாட்டுக் கடிதம் அன்று. இவர் என்ன செய்திருக்கிறார், அது ஏன் அரிது என்று கண்டறிந்து எழுதினார்கள். நம் மாணவர் அறிவியல் விழாவுக்காகச் செய்த சிறு ஆய்வைப் பற்றி நான்கு வரி குறிப்பாக எழுதும் பழக்கம் நமக்கு வர வேண்டும். அப்பிள்ளையின் குறிப்பேட்டையும் பரண்மேல் போடாமல் பாதுகாக்க வேண்டும்.

இரண்டாவது, பெற்றோர்கள் கேட்க வேண்டிய கேள்விகள். மகனோ மகளோ ஆய்வுக்காக அயல்நாடு செல்லும் வாய்ப்பைப் பெற்றால், ‘எத்தனை வெள்ளி?’ என்பதோடு நிறுத்திவிடலாகாது. பயணச் செலவு அதில் அடங்குமா? மருத்துவக் காப்புறுதி உண்டா? வழிகாட்டும் பேராசிரியர் யார்? உண்ணவும் உறங்கவும் வசதி எப்படி? மனம் சோர்ந்தால் யாரிடம் பேசுவது? திரும்பி வந்த பிறகு என்ன கடப்பாடு, என்ன வேலை? இவை அச்சத்தால் எழும் கேள்விகள் அல்ல. 1914-இல் இவற்றுள் சிலவற்றை எவரும் கேட்காததன் விலையை நாம் அறிவோம்.

மூன்றாவது, நம் பேச்சு. அயல்நாட்டில் ஆராயச் சென்று அங்கேயே தங்கிவிட்ட இளைஞரைப் பற்றி, ‘படிக்கவைத்த நாட்டை மறந்துவிட்டான்’ என்று திருமண வீடுகளிலும் கோயில் வாசலிலும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வூ லியென் தே திரும்பி வந்தார். ஓராண்டு ஆராய்ந்தார், மூன்றாண்டுகளுக்கு மேல் சூலியா தெருவில் நோயாளிகளைப் பார்த்தார். இடம் தராமற் போனது இங்கிருந்த ஆட்சி. ஆகவே, போனவரைக் குறைகூறுமுன், அவர் திரும்பினால் அமரக்கூடிய நாற்காலி இங்கே உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். இல்லையெனில், அதைக் கேட்டுப் பெறுவது பல்கலைக்கழகங்களின் வேலை மட்டுமன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சமூக அமைப்புகளும் உரத்துக் கேட்க வேண்டிய ஒன்று.

பள்ளி விடுமுறையில் ஈப்போவுக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தால், பிள்ளைகளைத் துன் ரசாக் நூலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அந்நூலகம் உருவாக நன்கொடை திரட்டியவர் யார், அவர் எங்கெங்கு சென்று ஆராய்ந்தார், ஏன் இந்நாட்டை விட்டுப் போக நேர்ந்தது என்பதை அங்கே நின்று சொல்லுங்கள். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளாயின் இராமானுஜனின் மடலைப் பற்றியும் சேர்த்துச் சொல்லலாம்.